மலையிலிருந்து சமவெளிக்கு: தென்னிந்தியத் தடுப்பூசி உற்பத்தியும் அதைத் தாங்கி நின்ற ஆய்வும்

முன்னுரை

தென்னிந்தியத் தொழில் வரலாற்றைக் கற்பிக்கும்போது கோயம்புத்தூர்ப் பஞ்சாலையும் ஆம்பூர்த் தோல் பதனிடும் கூடமும் நீலகிரித் தேயிலைத் தோட்டமும் நம் பாடக் குறிப்புகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. உயிர்ப்பொருளையே கருவியாகக் கொண்டு மருந்து ஆக்கும் தொழிலைப் பற்றிய குறிப்பு அவற்றில் காணக் கிடைப்பது அரிது. ஆயினும், சென்னைக் கிண்டியிலும் நீலகிரிக் குன்னூரிலும் அத்தொழில் வேரூன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. கன்றின் தோலிலும் ஆட்டின் மூளையிலும், பின்னர் ஈஸ்ட் என்னும் பூஞ்சையிலும் தடுப்பூசி விளைவிக்கப்பட்ட நெடிய வரலாறு அது.

வேதிப்பொருளால் ஆகும் மருந்துக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. வேதி மருந்தின் செய்முறையைத் தாளில் எழுதி மற்றொருவரிடம் ஒப்படைத்துவிடலாம். நுண்ணுயிரோ அவ்வாறு அடங்காது. அதை நாள்தோறும் பேண வேண்டும். தலைமுறைதோறும் அது மாறுகிறதா எனச் சோதிக்க வேண்டும். ஒரு தொகுதிக்கும் மறு தொகுதிக்கும் வீரியம் வேறுபடுகிறதா என அளக்க வேண்டும். ஆகவே, இத்தொழிலில் ஆய்வு என்பது உற்பத்திக்கு முன்னரே முடிந்துபோகும் ஒரு கட்டமன்று. உற்பத்தி நடக்கும் நாளெல்லாம் உடன் நடப்பது. இந்தப் பிணைப்பு தென்னிந்தியாவில் எங்கே இறுகியது, எங்கே தளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. நூறாண்டு முன்னதாகத் தொடங்கிய குன்னூரும் கிண்டியும் இருக்க, இன்று ‘தடுப்பூசித் தலைநகர்’ என்னும் பெயர் ஐதராபாத்துக்குச் சென்றது ஏன் என்பதே இதன் மையக் கேள்வி.

கிண்டியின் கன்றுகள்

இந்தியாவில் பெரியம்மைக்கான முதல் தடுப்பு, பம்பாயில் 1802 ஜூன் 14 அன்று மூன்று வயதுக் குழந்தை ஒருத்திக்குக் குத்தப்பட்டது. அதன்பின் பல்லாண்டுக் காலம் ஒரு குழந்தையின் கொப்புளத்திலிருந்து மறு குழந்தையின் கைக்கு என, மனிதர் வழியாகவே அம்மைப்பால் கொண்டு செல்லப்பட்டது. இதை உற்பத்தி என்று சொல்வதற்கில்லை. ஒரு சங்கிலி எனலாம். ஒரு கண்ணி அறுந்தால் அந்த வட்டாரத்தில் தடுப்பே இல்லாமற்போகும்.

கன்றின் தோலைக் கீறி அதில் அம்மைப்பாலை விளைவிக்கும் முறை வந்த பிறகே உற்பத்தி என்னும் சொல் பொருந்துகிறது. ஆயின், ஐரோப்பாவில் நன்றாக நடந்த இம்முறை சென்னை வெயிலில் தடுமாறியது. விளைந்த பால் மாவட்டங்களுக்குப் போய்ச் சேருமுன் வீரியம் இழந்தது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங், ஆட்டு உரோமக் கொழுப்பான லானோலினுடன் அம்மைப்பாலைக் குழைத்து அனுப்பிப் பார்த்தார். சிறிய செய்திதான், எனினும், வெப்ப நாட்டின் தேவையிலிருந்து பிறந்த உற்பத்தி ஆய்வு என்ற முறையில் இது கவனத்திற்குரியது. அவர் பெயரால் 1899-இல் நிறுவப்பட்ட கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிறுவனம் அம்மைப்பால் களஞ்சியமாகவும் நுண்ணுயிர் ஆய்வகமாகவும் ஒருங்கே இயங்கியது. பின்னாளில் உறை உலர் அம்மைத் தடுப்பு மருந்தை உள்நாட்டிலேயே ஆக்கிய அரசு நிலையங்களுள் கிண்டியும் ஒன்று. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதத்தில் அடையாளம் காணப்பட்டார். அத்துடன் கிண்டியின் கன்றுகளுக்கு வேலை முடிந்தது.

குன்னூர்: மருத்துவமனை ஆலையான விதம்

குன்னூரின் தொடக்கத்திற்கு ஒரு மரணம் காரணமாகக் கூறப்படுகிறது. தெற்கில் சிகிச்சைக்கு வழியின்றி ஓர் ஆங்கிலேய இளம்பெண் 1902-இல் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். வெறிநாய்க்கடியால் அதற்கு முன்னும் எண்ணற்ற தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் இறந்துகொண்டுதான் இருந்தனர் என்பதையும் அவை எவ்வித நிறுவனத்தையும் தோற்றுவிக்கவில்லை என்பதையும் நாம் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஹென்றி ஃபிப்ஸ், கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையிலிருந்து 1 இலட்சம் ரூபாய் இதற்கு ஒதுக்கப்பட்டது. தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் 1907 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது.

இடம் தேர்ந்ததற்குக் காரணம் எளிது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரமே குளிர்பதனப் பெட்டி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை இரயில் 1899-இலேயே வந்துவிட்டிருந்தது. கடிபட்டவர் மலையேறி வர வேண்டும். நாள்தோறும் ஊசி போட்டுக்கொண்டு அங்கேயே தங்க வேண்டும். அந்நிலையில் குன்னூர் ஒரு மருத்துவமனையாகவே இருந்தது.

அதை உற்பத்தி நிலையமாக மாற்றியது ஓர் ஆய்வு முடிவு. வடக்கே கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் ஒரு முறையை வகுத்தார். வெறிநோய்க் கிருமி செலுத்தப்பட்ட விலங்கின் மூளைத் திசுவை எடுத்து, ஃபீனால் கலந்து கிருமியைச் செயலிழக்கச் செய்வது அம்முறை. பாஸ்டர் வகுத்த மூலமுறையில் கிருமியின் வீரியத்தை நாள்தோறும் படிப்படியாகக் குறைத்த முதுகுத்தண்டுத் திசு வேண்டும். அதை ஆய்வகத்தை விட்டு நெடுந்தொலைவு எடுத்துச் செல்ல இயலாது. செம்பிள் ஊசியோ குப்பியில் அடைத்து அஞ்சலில் அனுப்பத்தக்கது. இதன்பின் நோயாளி மலையேற வேண்டியதில்லை, மருந்து மலையிறங்கியது. மாவட்ட மருத்துவமனைகளெல்லாம் சிகிச்சை மையங்களாயின. குன்னூர் அவற்றுக்கு மருந்து வழங்கும் ஆலையாயிற்று. தென்னிந்தியாவில் உயிரியல் உற்பத்தி ஒரு தொழிலாக உருப்பெற்ற கணம் இதுவே என்பது என் கருத்து. 

‘நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி’ என்று தமிழ்நாட்டுத் தாய்மார் பிள்ளைகளை அச்சுறுத்திய வழக்கு இந்தச் செம்பிள் ஊசியிலிருந்து வந்ததே. ஆட்டு மூளைத் திசு கலந்திருந்தமையால் சிலருக்கு அது நரம்புத் தளர்ச்சியையும் வாதத்தையும் உண்டாக்கியது. இக்குறை நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தும் மலிவு கருதி அவ்வூசி தொடர்ந்தது. இந்தியாவில் 2004 இறுதியில்தான் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. உயிரணு வளர்ப்பில் ஆக்கப்படும் தூய்மையான ஊசி அதன் இடத்தைப் பிடித்தது. ஓர் எளிய முறை வெற்றிபெற்றுவிட்டால் அதை விட்டு நகர்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்தத் தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் சான்று.

குன்னூரில் ஆய்வு தடுப்பூசியோடு நின்றுவிடவில்லை. இராபர்ட் மக்காரிசன் 1918-இல் அங்கே பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். கோலாலம்பூரில் 1900-இல் தோன்றிய ஆய்வகத்தில் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் தீட்டிய அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே மெய்ப்பித்திருந்தனர் என்பது மலேசிய வாசகர்களுக்கு ஆர்வமூட்டக்கூடும். மக்காரிசனின் பணி உணவூட்ட ஆய்வகமாக வளர்ந்தது. அந்த ஆய்வகம் 1958-இல் குன்னூரை விட்டு ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய உணவூட்ட நிறுவனம் என வழங்குகிறது. இந்த இடப்பெயர்ச்சியைப் பலர் நிருவாகச் செய்தியாக மட்டுமே கருதுவர். ஆனால், குன்னூரிலிருந்து ஆய்வின் ஒரு பெரும் கிளை சமவெளிக்கு இறங்கியது அப்போதுதான். உற்பத்தி மலையிலேயே தங்கியது.

ஆயினும், குன்னூரின் ஆற்றல் உடனே குன்றிவிடவில்லை. வாய்வழிப் போலியோத் தடுப்பு மருந்து இந்தியாவில் முதன்முதலாக 1970-இல் அங்கேதான் ஆக்கப்பட்டது. அம்முயற்சி நீடிக்கவில்லை; நாடு இறக்குமதி மருந்தையே நெடுங்காலம் சார்ந்திருந்தது. அரசின் தடுப்பூசித் திட்டம் விரிந்தபோது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி ஆகியவற்றுக்கான முத்தடுப்பு ஊசியைப் பெருமளவில் ஆக்கும் பொறுப்பும் குன்னூருக்கு வந்து சேர்ந்தது.

காசநோய்த் தடுப்பூசியும் இராஜாஜியும்

கிண்டியில் 1948-இல் காசநோய்த் தடுப்பூசி ஆய்வகம் தொடங்கப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியா தானே நிறுவிய முதல் உயிரியல் உற்பத்தி முயற்சிகளுள் இதற்கு இடமுண்டு. அதை எதிர்த்து எழுந்த குரல் சாதாரணமானதன்று. சென்னை மாநிலத்தின் முன்னாள் முதலமைச்சர் இராஜகோபாலாச்சாரியார், கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு உயிருள்ள கிருமியை ஏற்றும் இயக்கத்தைக் கண்டித்து 1955-இல் கையேடு ஒன்றே வெளியிட்டார். அவரை அறிவியல் அறியாத பழமைவாதி என ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால், அவர் எழுப்பிய கேள்விகளுள் ஒன்று, இந்த ஊசி இந்தியச் சூழலில் எவ்வளவு காக்கிறது என்பதற்கு இந்தியச் சான்று எங்கே என்பதாகும். அக்கேள்வி நியாயமானதே.

அதற்கு விடை தேடப்பட்ட இடமும் தமிழ்நாடே. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய கள ஆய்வில் 2 இலட்சத்து 60 ஆயிரம் பேர் அளவில் பங்கேற்றனர். நுரையீரல் காசநோயிலிருந்து பெரியவர்களை இவ்வூசி காக்கவில்லை என்னும் முடிவு ஏறத்தாழ 1980-இல் வெளிவந்தபோது உலக மருத்துவத்துறையே திகைத்தது. கைக்குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைக் காசநோய்களை அது தடுக்கிறது என்பதால் ஊசி தொடர்கிறது. கிண்டி ஆய்வகமும் அதனால் தொடர்ந்தது. ஊசியை ஆக்கும் கூடமும் அதன் பயனைக் கேள்விக்குள்ளாக்கிய களமும் ஒன்றுக்கொன்று ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் இருந்தன என்பது தென்னிந்தியாவின் அக்கால ஆய்வு வலுவைக் காட்டுகிறது.

ஐதராபாத்: தாய் பெயரில் ஓர் ஊசி

ஐதராபாத்தின் வளர்ச்சியைத் தனியார் முனைவின் வெற்றிக் கதையாகவே இதழ்கள் பெரிதும் எழுதுகின்றன. அதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியை அறிய உசுமானியா பல்கலைக்கழகத்தைச் சுற்றிய பகுதியின் வரைபடத்தைப் பார்த்தால் போதும். குன்னூரிலிருந்து வந்த உணவூட்ட நிறுவனம், வட்டார ஆய்வுக்கூடமாக இருந்து இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்த கூடம், புஷ்ப மித்ர பார்கவா 1977-இல் தொடங்கிவைத்த உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம் ஆகிய மூன்றும் அங்கே அருகருகே அமைந்துள்ளன. மூன்றும் அரசுப் பணத்தில் எழுந்தவை.

தனியார் உற்பத்தியும் புதிதாக வந்ததன்று. பயாலஜிக்கல் ஈ நிறுவனத்தின் தொடக்கம் 1953. தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் கால்நடைகளின் கோமாரி நோய்க்குத் தடுப்பூசி ஆக்கவென இந்தியன் இம்யூனலாஜிகல்ஸ் நிறுவனத்தை 1983-இல் அமைத்தது. எனினும், திருப்புமுனை என்று கூறத்தக்கது வரபிரசாத் ரெட்டி 1993-இல் தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ். மின்னணுப் பொறியியல் கற்ற அவருக்கு உயிரியலில் பயிற்சி இல்லை. மஞ்சட்காமாலை வகை பி நோய்க்கான ஊசியின் தொழில்நுட்பத்தை மேலைநாட்டு நிறுவனம் ஒன்றிடம் கேட்டு மறுக்கப்பட்ட பிறகு, உள்நாட்டிலேயே அதை உருவாக்க முனைந்தார். ஓமான் நாட்டிலிருந்து முதலீடு வந்தது. ஆய்வு முதலில் உசுமானியா பல்கலைக்கழகத்திலும் பின்னர்ப் பார்கவாவின் மையத்திலும் நடந்தது. நிறுவனத்திற்கு அவர் தம் தாயின் பெயரை இட்டார்.

இந்த ஊசியின் நுட்பத்தைச் சற்று விளக்க வேண்டும். நோய்க் கிருமியின் மேலுறைப் புரதத்துக்குரிய மரபணுவை ஈஸ்டினுள் செலுத்தி, அந்த ஈஸ்டை நொதிக்கலனில் பெருக்கினால் அது அப்புரதத்தை ஆக்கித் தரும். மேலைநாட்டு ஊசி, ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்ட் வகையில் ஆக்கப்பட்டது. சாந்தா குழுவினர் பிகியா பாஸ்டோரிஸ் என்னும் வேறு வகையைத் தேர்ந்தனர். மருந்துப் பொருளுக்கன்றிச் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கிய 1970-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் கீழ், வேறு செய்முறை என்பது வேறு உரிமை. சான்வாக்-பி 1997-இல் சுமார் 50 ரூபாய் விலையில் சந்தைக்கு வந்தது. இறக்குமதியான ஊசி அப்போது பல நூறு ரூபாய். நடுத்தரக் குடும்பங்களும் யோசித்து ஒத்திவைத்த ஊசி, சிற்றூர் மருத்துவமனைக்கும் எட்டுவதாயிற்று.

பாரத் பயோடெக் நிறுவனத்தை 1996-இல் தொடங்கிய கிருஷ்ணா எல்லா, தமிழ்நாட்டில் திருத்தணியை அடுத்த ஊரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தவர்; அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் திரும்பி வந்து தொழில் தொடங்கிய இடம் கிண்டியன்று, ஐதராபாத். ஆந்திர அரசு 1999-இல் ஜீனோம் பள்ளத்தாக்கு என்னும் தொழில் வட்டாரத்தை அறிவித்தது. அந்நிறுவனத்தின் ரோட்டா வயிற்றுப்போக்குத் தடுப்பு மருந்தின் வரலாறு, ஆய்வும் உற்பத்தியும் எவ்வளவு நீண்ட இழையால் பிணைக்கப்பட்டுள்ளன என்பதைக் காட்டும். டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் மகராஜ் கிஷன் பான் குழுவினர் 1980-களின் நடுவில் பச்சிளங்குழந்தைகளிடம் கண்டெடுத்த கிருமி வகை அதன் மூலம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட மூன்று மையங்களில் 6,799 குழந்தைகளிடம் அது சோதிக்கப்பட்டது. மருந்து 2015-இல் வெளியிடப்பட்டது. கண்டெடுத்தலுக்கும் வெளியீட்டுக்கும் இடையே முப்பதாண்டுகள். அவற்றுள் பெரும்பகுதிச் செலவு பொதுப்பணமும் அறக்கொடையுமே.

2008

குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனம், கிண்டிக் காசநோய்த் தடுப்பூசி ஆய்வகம், கசௌலி மத்திய ஆய்வு நிறுவனம் ஆகிய மூன்றன் உற்பத்தி உரிமமும் 2008 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டன. நல்லுற்பத்தி நெறிகளை அவை பின்பற்றவில்லை என்பது காரணம். ஒன்றிய நல்வாழ்வுத் துறை அமைச்சராக அப்போது இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த அன்புமணி இராமதாஸ் என்பதால் தமிழ்நாட்டில் இவ்விவாதம் அரசியல் சூடு பெற்றது.

நெறிமீறல் பொய்யன்று. ஆய்வு, நோய் கண்டறிதல், விலங்கு வளர்ப்பு, உற்பத்தி ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் நடந்தமை 1907-இல் குன்னூரின் வலிமை. புதிய நெறிகளோ ஒவ்வொன்றுக்கும் தனிக் காற்றோட்டம், தனி வழி, தனிப் பணியாளர் எனப் பிரித்து வைக்கக் கோருகின்றன. பழைய வலிமையே குறையாயிற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இந்தியக் கட்டுப்பாட்டு அமைப்பு தேறாவிடின் தனியார் ஏற்றுமதியும் நின்றுபோகும் என்பது அரசின் வாதம். இதையும் புறந்தள்ள இயலாது.

ஆயினும், மூன்றையும் ஒரே நேரத்தில், மாற்று ஏற்பாடு உறுதியாகாத நிலையில் நிறுத்தியது பெரும் பிழை என்றே கொள்ள வேண்டியுள்ளது. திருத்த வேண்டிய கட்டடங்களுக்குப் பல்லாண்டுகளாகப் பணம் ஒதுக்காதிருந்த அரசே, கட்டடம் திருந்தவில்லை என உரிமத்தை நிறுத்தியது. தடுப்பூசிப் பற்றாக்குறை நாடாளுமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் பேசப்பட்டது. நல்வாழ்வுத் துறையின் முன்னாள் செயலாளர் ஜாவித் சௌத்ரி தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. நிறுத்திவைப்பு ஆணை 2010-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. 

இதனோடு ஒப்பிடத்தக்க இரு நிகழ்வுகள் உள்ளன. சாந்தா நிறுவனத்தை 2009-இல் பிரான்சின் சனோஃபி வாங்கியது. அடுத்த ஆண்டே அதன் ஐந்து நோய்த் தடுப்பூசியில் வெண்படிவு காணப்பட்டு, உலகச் சுகாதார நிறுவனம் தன் முன்தகுதிப் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. நிறுவனம் செய்முறையைத் திருத்தி 2014-இல் மீண்டும் தகுதி பெற்றது. பாரத் பயோடெக் புனேயின் தேசிய நச்சுயிரியல் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய கோவாக்சினை ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் வழியாக வழங்குவதையும் ஆலை ஆய்வுக்குப் பின் 2022 ஏப்ரலில் அதே நிறுவனம் நிறுத்திவைத்து, ஆலையைத் திருத்தச் சொன்னது. குறை பொதுத்துறைக்கே உரியதன்று. தனியார் ஆலைக்கு முதலீட்டாளர் இருந்தார். திருத்துவதற்கான பொறியாளர்களும் இருந்தனர். குன்னூருக்கு இருந்தது கோப்பு.

செங்கல்பட்டு வளாகம்

உரிம நிறுத்தத்தை ஒட்டி எழுந்த திட்டமே செங்கல்பட்டின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். ஒன்றிய அரசின் எச்எல்எல் நிறுவனம் இதற்கென எச்எல்எல் பயோடெக் என்னும் துணை நிறுவனத்தை 2012-இல் அமைத்தது. 100 ஏக்கர் நிலம். 594 கோடி ரூபாய் மதிப்பீடு. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த திட்டம் என்னும் அறிவிப்பு. மதிப்பீடு பின்னர் 900 கோடியைத் தாண்டியது. கட்டடமும் கருவியும் வந்தன. பெருந்தொற்றுக் காலம் வரை சந்தைக்குத் தடுப்பூசி வரவில்லை.

காரணம் பணமுடை என்று கூறுவர். அதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. கிண்டிக்கு அதன் நுண்ணுயிர் ஆய்வகம் இருந்தது. குன்னூருக்கு மக்காரிசனின் கூடம் இருந்தது. சாந்தாவுக்குப் பார்கவாவின் மையம் இருந்தது. செங்கல்பட்டில் ஆலை எழுப்பப்பட்டதே அன்றி, அதனோடு ஒட்டிய ஆய்வுக்கூடம் எழவில்லை. பிறர் தரும் கிருமி வித்தையும் செய்முறையையும் எதிர்பார்த்து நின்ற ஆலை அது.

கொரோனா இரண்டாம் அலை உச்சத்திலிருந்த 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவ்வளாகத்தை நேரில் பார்வையிட்டு, அதை மாநில அரசிடம் குத்தகைக்கு விடுமாறு ஒன்றிய அரசைக் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஐதராபாத்தின் பயாலஜிக்கல் ஈ நிறுவனம் கோர்பிவாக்ஸ் என்னும் கொரோனா ஊசிக்கு அனுமதி பெற்றது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர ஆய்வாளர்கள் வழங்கிய வடிவமைப்பு அது. அதன் புரதம் விளைந்தது, சாந்தா குழுவினர் 1990-களில் தேர்ந்துகொண்ட அதே பிகியா வகை ஈஸ்டில்.